எறும்புக் கையுறை

பிரேசிலின் அமேசான் காட்டில் வாழும் சாத்தரே-மாவே மக்களிடையே, சிறுவன் ஆண்மகனாக ஏற்கப்பட வேண்டுமானால் எறும்புகளுக்குத் தன் கைகளைக் கொடுத்தாக வேண்டும். கொட்டினால் துப்பாக்கிக் குண்டு பாய்ந்ததுபோல் வலிக்கும் என்பதால் 'தோட்டா எறும்பு' என்று பெயர்பெற்ற, ஏறத்தாழ ஓர் அங்குல நீளமுள்ள அவற்றை மூலிகைச் சாற்றில் அமிழ்த்தி மயங்கவைத்து, கொடுக்குகள் உட்புறம் நீட்டியிருக்கும்படி ஓலையால் முடைந்த உறைகளில் ஒவ்வொன்றாகச் செருகுகிறார்கள். மயக்கம் தெளிந்த எறும்பின் சினத்தைச் சொல்லவேண்டியதில்லை. கரி பூசிய கைகளை உள்ளே நுழைத்துக்கொண்டு, சிறுவன் மற்றவர்களோடு சேர்ந்து ஆடுகிறான். உறையைச் சில நிமிடங்களில் கழற்றிவிட்டாலும், வலியும் நடுக்கமும் பல மணி நேரம் விடுவதில்லை. கட்டெறும்பு கடித்ததற்கே ஊரைக் கூட்டிய எனக்கு, இச்சடங்கை ஒருவர் 20 முறை வரை மேற்கொள்வதுண்டு என்பதுதான் இன்னும் செரிக்கவில்லை.