எழுபது வளைவும் இரண்டாவது கியரும்

ஜூலை 27, 2024, சனி

அக்கா மகன் ஆடிப்பெருக்குக்குக் கொல்லிமலைக்கு பைக்கில் போகலாம் என்கிறான். லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது. காரவள்ளியிலிருந்து ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் நண்பர்களோடு கிளம்பிவிடுவான். என்னோடு வரட்டும்.

ஜூலை 28, ஞாயிறு

அவன் வண்டியைப் பார்த்தேன். பின் டயர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது; மாற்றியாக வேண்டும். முன்பக்கம் டிஸ்க் பிரேக், பின்பக்கம் டிரம் பிரேக். பிரேக் ஆயில் கறுத்துவிட்டது. அந்த ஆயில் நாள்பட நாள்பட ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். கொதித்துக் குமிழி வந்துவிட்டால் லீவர் கைப்பிடி வரை வரும், வண்டி நிற்காது. மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறோம்.

இரவு அவனிடம் ஏற்காட்டுக் கதையைச் சொன்னேன். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கினேன், பின்னால் மனைவி. பாதி மலையில் டிரம் சூடேறி பிரேக் பிடிக்கவில்லை. மலைப்பக்க ஓடையில் வண்டியை விட்டதால் பிழைத்தோம். அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. இன்றும் அந்தக் கையால் குடம் தூக்க மாட்டாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஆடி 18-ஐ ஒட்டி மலையில் வல்வில் ஓரி விழா. வேனும் பஸ்ஸுமாக இருக்கும். முதல் தடவை மலையில் ஓட்டுகிறவனுக்கு அந்தக் கூட்டம் வேண்டாம். ஒரு வாரம் தள்ளிவைத்தோம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பரவாயில்லை.

ஆகஸ்ட் 10, சனி

விடிந்ததும் ஏறினோம். அவன் முன்னால், நான் பின்னால். இடப்பக்க வளைவுகளில்தான் திணறினான். உள்விளிம்பு செங்குத்தாக ஏறும், அங்கே கியர் மாற்றப்போய் வண்டி நின்றுவிட்டது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடு, முன்சக்கரத்தைப் பார்க்காதே, ரோடு திரும்பி முடியும் இடத்தைப் பார் என்றேன். நாலைந்து வளைவில் பிடிபட்டது. பஸ் ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரம் கட்டினோம். திரும்பும்போது அதற்கு முழு ரோடும் வேண்டும்.

மதியம் இறக்கம். எனக்கு வயிற்றைக் கலக்கியது இதுதான். ஏறிய இரண்டாவது கியரிலேயே இறங்கு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருளாதே, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை வளைவுக்கு முன் நேராக இருக்கும்போதே அழுத்தி, விட்டுவிடு. மணல் கிடக்கும் திருப்பத்தில் சாய்ந்தபடி முன்பிரேக்கைத் தொட்டால் சறுக்கும் என்று அவனிடம் சொல்லியிருந்தேன்.

பாதி வழியில் கருகிய வாடை. முன்னால் ஸ்கூட்டரில் ஒரு தம்பதி, நடுவில் குழந்தை. பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்கியிருக்கிறார்கள். ஸ்கூட்டரில் கியரைக் குறைத்து வேகத்தை அடக்க வழியில்லை, பாவம். கைகாட்டி நிறுத்தினோம். கணவர் சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றப் போனார். ஊற்றாதீர்கள், தானாக ஆறட்டும் என்றேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். குழந்தைக்கு அவன் கொய்யாப்பழம் கொடுத்தான்.

அப்புறம் அவர்களை முன்னால் விட்டு, ஐந்தாறு வளைவுக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லி, பின்னாலேயே வந்தோம். காரவள்ளியில் இறங்கியதும் அவன் தன் டிரம் அருகே கையைக் கொண்டுபோனான்.

“மாமா, வெதுவெதுன்னுதான் இருக்கு.”