மூச்சு இருக்கும்வரை பாட்டு
டிவியில் கபடி பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை. முப்பது நொடி ரெய்டு முழுக்க 'கபடி கபடி' மட்டும்தான். விதி அப்படி. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் சடுகுடு, ரெய்டை, அதாவது எதிரணிக்காரரைத் தொடப் போவதை, 'பாடிப் போறது' என்போம். சும்மா பெயருக்கு இல்லை, உண்மையிலேயே பாடுவார்கள்.

என் தாய்மாமாதான் எங்கள் தெருவின் ஆஸ்தான புலவர். எதிரணியில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பாட்டே கட்டுவார். ஒரு மாட்டுப் பொங்கலன்று பக்கத்து ஊர்க் குண்டு ஆளைப் பார்த்து எடுத்துவிட்டார்:

சந்தக் கடை சுண்டல் தின்னு
சாஞ்சு நிக்கும் தொப்பையப் பாரு
தொட்டுப்புட்டு ஓடிப் போறேன்
ஓடிப் போறேன் ஓடிப் போறேன்...

கடைசி இரண்டு சொல்லை மூச்சு முடியும்வரை இழுக்க வேண்டும், அதுதான் இலக்கணம். கூட்டம் சிரித்தது. தொப்பைக்காரரும் சிரித்துவிட்டார். சிரிக்கிறவன் கையில் பிடி எப்படி நிற்கும்? மாமா காலை உருவிக்கொண்டு கோட்டைத் தொட்டுவிட்டார்.

நாங்கள் பொடியன்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் இல்லை. அந்த வருஷம் டீக்கடையில் ஓடிய சினிமாப் பாட்டு மெட்டில் வாய்க்கு வந்ததைப் போட்டு ஒப்பேற்றுவோம். சரணத்துக்கு முன்னால் மெட்டு கொஞ்சம் நிற்குமே, நானும் அங்கே நின்று மூச்சு வாங்கிவிட்டேன். அவுட்.

மாமாவுக்கு இப்போது எழுபது. தமிழ் தலைவாஸ் ஆட்டம் வந்தால் சோபாவில் உட்கார்ந்தே பாடுகிறார். அத்தை சத்தத்தைக் குறைக்கச் சொல்வது டிவியை இல்லை.