ஷோகன் 2-இல் ஜப்பானை ஒன்றிணைக்க: எதை முதலில் பழகுவது, எதைத் தள்ளிப்போடுவது

‘டோட்டல் வார்: ஷோகன் 2’ வெளிவந்தது 2011-இல். பழசுதான். ஆனாலும் இந்த வகைக் கணினி வியூக விளையாட்டைப் புதிதாகப் பழக நினைப்பவர்கள் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வரைபடம் கைக்கு அடக்கமானது, விதிகள் குறைவு, ஆனால் செய்கிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

கதை 1545-இல் தொடங்குகிறது. அஷிகாகா குலத்து ஷோகன் (நாட்டின் படைத் தலைவர்) தலைநகர் கியோட்டோவில் பெயருக்கு ஆள்கிறார், நாடு முழுக்க டைம்யோக்கள் என்ற குறுநிலத் தலைவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். ஒரு டர்ன் (உங்கள் ஒரு முறை ஆட்டம்) என்பது ஒரு பருவம், ஆண்டுக்கு நான்கு. குறுகிய கேம்பெயினில் (முழு ஆட்டத்தில்) 1575-க்குள் கியோட்டோவையும் சேர்த்து 25 மாகாணங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். நீண்டதில் 1600-க்குள் 40. குறுகியதிலேயே ஏறக்குறைய 120 டர்ன் கிடைக்கும், நேரம் போதாது என்ற பேச்சே இல்லை. ஆனாலும் பலர் பாதியில் மூட்டை கட்டுகிறார்கள். காரணம் ஒன்றே ஒன்று: ரெல்ம் டிவைட், அதாவது நாடே உங்களுக்கு எதிராகத் திரும்பும் கட்டம்.

உங்கள் குலத்தின் புகழ் ஏற ஏற ஒரு கோடு நிரம்பிக்கொண்டே வரும். அது உச்சியைத் தொட்டதும் ஷோகன் உங்களை நாட்டுக்கே எதிரி என்று அறிவித்துவிடுவார். அதுவரை சரக்கு வாங்கிக்கொண்டிருந்த நண்பர்கள்கூட ஒவ்வொரு பருவமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, கடைசியில் போர் தொடுப்பார்கள். அதற்கு முன்பே கியோட்டோவைப் பிடித்தாலும் இதே கதைதான். பரீட்சைக்குப் படிப்பவர்கள் பழைய வினாத்தாளை முதலில் புரட்டுவதைப் போல, இந்தக் கட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகு முதல் டர்னைத் தொடங்குங்கள். மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வர வேண்டும்.

பயில்வதற்கு நான் பரிந்துரைப்பது சோசோகபே குலம். ஷிகோகு தீவில் தோசா மாகாணத்தில் தொடங்குகிறார்கள். வில்லாளிகள் மலிவு, விளைச்சல் வருமானம் கூடுதல், சுற்றிலும் கடல். தீவில் மொத்தமே நான்கு மாகாணங்கள்: தோசா, இயோ, சானுகி, அவா. இவற்றைப் பிடித்துவிட்டால் முதுகுப்பக்கம் பயமில்லை. இதற்கு யாரி அஷிகாரு என்ற ஈட்டிக் காலாட்களும் வில் அஷிகாருவுமே போதும். சாமுராய்களைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும், ஆனால் அவர்களுக்கான சம்பளம் ஆரம்பக் கஜானாவைத் தின்றுவிடும். ஈட்டிச் சுவர் போட்டு நிற்கும் நாலு அஷிகாரு படை, மேலே ஏறி வரும் குதிரைப்படையைச் சும்மா நின்றே முடித்துவிடும்.

அடுத்து அரிசி. புதியவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. கோட்டையை ஒரு படி உயர்த்தினால் உணவு செலவாகும், சந்தையைப் பெரிதாக்கினாலும் அப்படியே. உணவு பற்றாக்குறைக்குப் போனால் ஊர் ஊராகக் கலகம். மிச்சம் இருந்தால் எல்லா மாகாணத்திலும் நகரச் செல்வம் தானாக வளரும். அதனால் வயல்களை முதலில் மேம்படுத்துங்கள், கோட்டையை எல்லையில் இருக்கும் ஊர்களுக்கு மட்டும் உயர்த்துங்கள். உள்நாட்டு ஊரில் பெரிய கோட்டை கட்டி யாருக்குக் காட்டப்போகிறோம்? வரியும் அப்படித்தான். ஏற்றினால் இன்றைக்குப் பணம் வரும், ஆனால் வளர்ச்சி குறையும்.

குளிர்காலம் வந்தால் எதிரி மண்ணில் படையை நிறுத்தாதீர்கள், ஆட்கள் கரைந்துவிடுவார்கள். அந்தப் பருவத்தை நான் கணக்குப் பார்க்க வைத்துக்கொள்வேன்: வருமானத்தில் எவ்வளவு வணிகம், எவ்வளவு விளைச்சல், புகழ்க் கோடு எங்கே நிற்கிறது, எந்தத் தளபதியின் விசுவாசம் சரிகிறது. ஒரு நோட்டில் நாலு வரி எழுதினால் போதும். விசுவாசம் குறைந்தவருக்கு நிதி, போர் போன்ற துறைப் பதவிகளில் ஒன்றைக் கொடுத்தால் சரியாகிவிடும். கொடுக்காவிட்டால் படையோடு எதிரிப் பக்கம் போகவும் தயங்க மாட்டார்.

வணிகக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், ரெல்ம் டிவைட் வந்ததும் அந்த வருமானம்தான் முதலில் விழும். பங்காளி இல்லாமல் யாருக்கு விற்பது? கோடு நிரம்பச் சற்று முன்னால், ஏறக்குறைய பதினைந்து மாகாணங்களை நெருங்கும்போது, படையெடுப்பை நிறுத்துங்கள். சில ஆண்டுகள் வயல், சந்தை, சாலை, ஆயுதப் பட்டறை என்று செலவிடுங்கள். வணிகத்தைக் கழித்துவிட்டு மிச்ச வருமானத்தில் இரண்டு முழுப் படைகளைத் தாங்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் அடுத்த ஊரைப் பிடிக்கலாம். இடைவேளையில் சலிப்புத் தட்டும். அந்தச் சலிப்பில் எல்லை தாண்டுகிறவர்கள்தான் பிறகு புலம்புகிறார்கள்.

வரலாற்றைக் கொஞ்சம் சேர்த்துப் படித்தால் இந்த விதி செயற்கையாகத் தோன்றாது. 1568-இல் ஓடா நொபுனாகா என்ற டைம்யோ கியோட்டோவுக்குள் நுழைந்து அஷிகாகா யோஷியாகியை ஷோகனாக உட்கார வைத்தார். சில ஆண்டுகளில் அசாய், அசகுரா, தகேதா குலங்கள், ஹொங்கான்ஜி என்ற பௌத்த மடம் எல்லாம் அவரைச் சூழ்ந்தன, அதே யோஷியாகியும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். நொபுனாகாவுக்குப் பின் அவர் இடத்தைப் பிடித்த தளபதி ஹிதேயோஷியைப் பாருங்கள்: 1585-இல் ஷிகோகுவை வென்றதும் சோசோகபே மொதோசிகாவை ஒழிக்கவில்லை, தோசாவை அவரிடமே விட்டுவைத்தார். 1587-இல் கியூஷுவில் ஷிமாசு குலத்தையும் அப்படியே. விளையாட்டிலும் ஓர் ஊரைப் பிடித்ததும் அங்கே ஒரு குலத்தை உங்களுக்குக் கீழ்ப்பட்ட குலமாக எழுப்பலாம். எல்லாவற்றையும் நீங்களே வைத்துக் காவல் போட வேண்டியதில்லை.

ஒற்றர், நிஞ்ஜா, கெய்ஷா விவகாரங்களை முதல் ஆட்டத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மெத்சுகேவை (கண்காணிப்பு அதிகாரியை) பணக்கார ஊரில் உட்கார வைத்தால் வரி கூடும், ஒரு நிஞ்ஜா எதிரிப் படையை ஒரு டர்ன் நகரவிடாமல் செய்வார். இவ்வளவு தெரிந்தால் போதும். கிறிஸ்தவம், போர்ச்சுக்கீசியத் துப்பாக்கி இரண்டையும் தள்ளிப்போடுங்கள். துப்பாக்கி கவர்ச்சிதான், ஆனால் மதமாற்றத்தோடு வரும் கலகத்தை அடக்கத் தனிப் படை வேண்டும்.

ரெல்ம் டிவைட் வந்தபின் எதிரிகள் கடல் வழியாக முதுகில் இறங்குவார்கள். துறைமுக ஊர்களில் வில் அஷிகாருவை மதில்மேல் நிறுத்துங்கள், சுவரேறும் படை பாதி அங்கேயே விழும். முதன்மைப் படை இரண்டாகப் பிரியாமல் ஒரே சாலையில் கியோட்டோவை நோக்கிப் போகட்டும்.

இதில் கை பழகியதும் ஓடா குலத்தை எடுத்துப் பாருங்கள். அவர்கள் தொடங்கும் ஓவாரி மாகாணம் நாட்டின் நடுவில் கிடக்கிறது, முதுகு சாய்க்க ஒரு கடலோரத் தீவுகூட இல்லை. மிகக் கடினமான லெஜண்டரி நிலையில் நினைத்த நேரத்தில் சேமிக்கவும் முடியாது, போரை நிறுத்திவைத்துக் கட்டளை இடவும் முடியாது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.