கோபுரம் அறியாத தடம்

அருகருகே இருக்கும் இரு கைபேசிகள் கோபுரத்தின் வழியாகச் சுற்றிவராமல் நேரடியாகத் தரவு பரிமாறிக்கொள்ளும்போது அவற்றுக்கு அலைக்கற்றையை எப்படிப் பங்கிடுவது என்பதே சில ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. கைபேசி வலைப்பின்னல்களுக்குத் தரநிலை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2015இல் நிறைவுசெய்த 12ஆம் வெளியீடு, எல்டிஇ (4ஜி) வலைப்பின்னலில் இதற்கு இரண்டு வழிகளை வகுத்தது. ஒன்றில் கோபுரமே அலைக்கற்றைத் துண்டுகளை ஒதுக்கும். மற்றொன்றில், முன்பே குறித்துவைத்த தொகுப்பிலிருந்து கைபேசியே தேர்ந்துகொள்ளும். என் வேலை பெரும்பாலும் முதலாவதைச் சார்ந்தது.

நேரடித் தொடர்புக்கு அப்லிங்க், அதாவது கைபேசியிலிருந்து கோபுரத்துக்கு அனுப்பும் அலைக்கற்றையையே எடுத்துக்கொள்கிறோம். அங்கே நெரிசல் பொதுவாகக் குறைவு. எழும் இடையூறும் கோபுரத்தில் வந்து விழுவதால், அதை அளந்து கட்டுப்படுத்தக் கோபுரத்தால் முடியும். 180 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே துண்டை கோபுரத்தோடு பேசும் ஒரு சாதாரணப் பயனாளரும் நேரடியாகப் பேசும் ஒரு கைபேசி இணையும் பகிர்ந்துகொள்வதானால், யாரை யாரோடு சேர்ப்பது? ஒருவருக்கு ஒரு இணை என்ற எளிய நிலையில், ஹெரால்ட் கூன் 1955இல் வெளியிட்ட ஹங்கேரிய முறை என்னும் பொருத்தல் கணக்கு இதற்குத் துல்லியமான விடை தந்துவிடும். ஆனால் அந்தக் கணக்குக்குள் இட வேண்டிய எண்களில் ஒன்று, அதாவது பயனாளரின் கைபேசியிலிருந்து இணையின் பெறுமுனைக்குச் செல்லும் தடத்தின் வலிமை, கோபுரத்துக்குத் தெரியவே தெரியாது. 50 பயனாளர்களும் 20 இணைகளும் இருந்தால் இப்படி 1000 தடங்களை அளந்து தெரிவிக்க வேண்டும். மிச்சப்படுத்த நினைத்த அலைக்கற்றையே அதற்குச் செலவாகும், அறிக்கை வந்து சேர்வதற்குள் நிலைமையும் மாறிவிடும்.

அதனால் இருப்பிடத்தை ஒட்டிய எளிய விதிகளில் எனக்கு நம்பிக்கை கூடியது. செல்லின், அதாவது ஒரு கோபுரம் சேவை தரும் பரப்பின், விளிம்பில் இருப்பவரின் கைபேசி 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட் முழுத்திறனில் அனுப்பும். பக்கத்தில் இருக்கும் இணையின் பெறுமுனை அதில் மூழ்கிப்போகும். கோபுரத்தின் அருகில் இருப்பவருக்கோ மிகக் குறைந்த திறனே போதும். அவருடைய துண்டைத் தொலைவில் இருக்கும் இணைக்குக் கொடுத்தால் இரு தரப்புக்கும் தொல்லை குறைவு. நுணுக்கமான தேர்வுமுறைகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வெளியிடக்கூடாது என்று குழுவில் தொடர்ந்து வலியுறுத்தினேன்.

வாகனங்களுக்காக வந்த 14ஆம் வெளியீட்டில், கடந்த 1 விநாடி அலைவரிசையைக் கவனித்துவிட்டு வண்டியே துண்டைத் தேர்ந்துகொள்ளவும் வழி உண்டு. அங்கும் அளப்பது அனுப்பும் வண்டி, இடையூறு விழுவதோ பெறும் வண்டியில். 2022இல் நிறைவடைந்த 17ஆம் வெளியீடுதான், தனக்கு உகந்த துண்டுகள் எவை என்பதைப் பெறும் கருவியே அனுப்பும் கருவிக்குச் சொல்ல இடமளித்தது.