மாறிலி என்று நான் நம்பிய எண்

நீரில் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் செறிவாகக் கலந்த தொங்கலின் பாகுநிலை (ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை), அதன்மீது செலுத்தும் தகைவுக்கு, அதாவது ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசைக்கு, ஏற்ப எப்படி மாறுகிறது என்பதைச் சமன்பாட்டில் கொண்டுவருவதே என் வேலையாக இருந்தது. துகள்கள் அரிதாக இருக்கும்போது, ஐன்ஸ்டைன் 1906-இல் வெளியிட்டு 1911-இல் திருத்திய கணக்கின் 2.5 என்ற கெழுவே போதும். பருமனில் பாதிக்கு மேல் துகளாகிவிட்டால் அது உதவாது. எனவே செறிந்த தொங்கல்களின் பாகுநிலையைத் தரும், 1959-இல் வந்த கிரீகர்–டகெர்ட்டி சமன்பாட்டை எடுத்துக்கொண்டேன்.

தாழ்ந்த தகைவில், ஓட்டம் நின்றுபோகும் உச்சச் செறிவை (மொத்தப் பருமனில் துகள்களின் பங்கு) 0.64 என்று வைத்தால் வளைகோடு அளவீடுகளோடு பொருந்தியது. தகைவு கூடக்கூட, மாறிலி என்று நான் நம்பிய அதே எண்ணை 0.58 வரை இறக்க வேண்டியிருந்தது. முதலில் அளவீட்டைத்தான் சந்தேகித்தேன். அதற்குக் காரணமும் இருந்தது: பாகுநிலை, உச்சச் செறிவுக்கு மீதமுள்ள இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறுவதால், உச்சம் 0.58 ஆகும்போது செறிவு 0.56-இலிருந்து 0.57 ஆனாலே பாகுநிலை ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். பாகுநிலையை அளக்கும் கருவியான ரியோமீட்டரின் விளிம்பில் சிறிது நீர் ஆவியாகிச் செறிவு கூடினாலே போதும். விளிம்பை மூடி மீண்டும் அளந்தேன். எண் அப்போதும் இறங்கியது.

பிறகு கணினியில் துகள்களையே ஓடவிட்டேன். துகள்களுக்கிடையே சிக்கிய மெல்லிய நீர்ப்படலம் தரும் உயவு விசை இடைவெளிக்கு எதிர்விகிதத்தில் வளர்வதால், வழவழப்பான கோளங்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை. தகைவு கூடியும் பாகுநிலை ஏறவில்லை. செட்டோ, மாரி, மோரிஸ், டென் ஆகியோர் 2013-இல் காட்டியபடி, ஒன்றையொன்று தள்ளிவைக்கும் விலக்கு விசையை மீறி நெருங்கும் துகள்களுக்கிடையே உராய்வைச் சேர்த்ததும் பாகுநிலை செங்குத்தாக எழுந்தது. (உராய்வை ஒரு திருத்தமாக மட்டும் எண்ணி, கடைசி வேலையாக ஒதுக்கி வைத்திருந்தது என் பிழை.)

அதன்பின் 2014-இன் வியார்–கேட்ஸ் மாதிரி எளிதாகவே புரிந்தது. உராயும் தொடுகைகளின் பங்கு தகைவோடு வளர, உச்சச் செறிவு உராய்வற்ற மதிப்பிலிருந்து உராய்வுள்ள மதிப்புக்கு நகர்கிறது. நான் கையால் இறக்கிக்கொண்டிருந்தது அந்த நகர்வைத்தான். எல்லாச் செறிவுகளுக்கும் ஒரே தொடக்கத் தகைவு (உராயும் தொடுகைகள் உருவாகத் தொடங்கும் தகைவு) பொருந்தியது. சரிபார்க்க, ஓட்டத்தின் திசையைச் சட்டென்று திருப்பினேன்: தொடுகைகள் பிரிந்ததால் பாகுநிலை உடனே விழுந்து, சிறிது திரிபுக்கு (உருமாற்றத்துக்கு) பின் பழைய நிலைக்கு ஏறியது.

மிக உயர்ந்த செறிவுகளில் மட்டும் அளவீடு நிலைகொள்ளாமல் அலைபாய்ந்தது. மாதிரியோ சீரான, நிலையான ஓட்டத்தையே எடுத்துக்கொள்கிறது. ஆகவே அந்தப் புள்ளிகளைப் பொருத்தத்தில் சேர்க்காமல், வரைபடத்தில் வெற்று வட்டங்களாகக் குறித்து வைத்தேன்.