மிஸ் பேக்-மேன் மானிட்டர்: கோடு ஒருவழியாகப் படமாகிவிட்டது

பிராணனை வாங்கிய அந்த ஒற்றைக் கோடு நேற்றிரவு முழுப் படமாக விரிந்துவிட்டது. 1982-ஆம் ஆண்டு மிட்வே நிறுவனத்தின் வீடியோ கேம் பெட்டி. உள்ளே இருப்பது யாரோ பிற்பாடு மாற்றிப் பொருத்திய 19 அங்குல வெல்ஸ் கார்ட்னர் கே7000 மானிட்டர். காசு போட்டால் ஆட்டம் தொடங்கும், ஒலியும் சுத்தம். திரையின் நடுவில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு.

கோடு நிமிர்ந்து நிற்கிறதே என்று படத்தைப் பக்கவாட்டில் விரிக்கும் ஹரிசான்டல் பகுதியைக் குடையப் போகக்கூடாது. இந்த ஆட்டத்துக்கு மானிட்டரைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தியிருப்பார்கள். ஆகவே படுத்திருக்க வேண்டிய கோடுதான் நிமிர்ந்து தெரிகிறது, படுத்துவிட்டது வெர்டிகல், அதாவது படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் பகுதி. முதல் வேலையாக ஸ்கிரீன் குமிழைத் திருகி வெளிச்சத்தைக் குறைத்தேன். புதிர்ப்பாதையின் நிழல் ஏற்கெனவே கரிந்து படிந்த டியூப் (படக்குழாய்) இது; இன்னொரு வடு எதற்கு?

"கண்டென்சர் எல்லாம் புதிது, வெர்டிகல் ஐசியும் புதிது" என்று சொல்லியே விலையை ஏற்றியிருந்தார் விற்றவர். பொய் இல்லை, எல்லாம் புதிதுதான். எனக்கு எரிச்சல் மூட்டுவதே இந்தப் பழக்கம்தான்: மீட்டரைக் கையில் எடுக்காமல் ஒரு கண்டென்சர் கிட் முழுவதையும் சர்க்யூட் பலகையில் கொட்டிவிட்டு, வேலை முடிந்தது என்பது. வெர்டிகல் ஐசியான எல்ஏ7830-இன் ஆறாவது காலில் 24 வோல்ட் ஒழுங்காக வருகிறது. வெளியீடான இரண்டாவது காலில் ஏறத்தாழ அதில் பாதி. ஐசி உயிரோடுதான் இருக்கிறது. பிளக்கைக் கழற்றி, டியூப் கழுத்தில் மாட்டிய யோக்கின் (கதிரை வளைக்கும் சுருள்கள்) வெர்டிகல் சுருளை அளந்தேன், அதுவும் அறுபடவில்லை. அப்படியென்றால் ஐசிக்கும் சுருளுக்கும் நடுவே எங்கோ பாதை விட்டிருக்கிறது.

பெட்டிக்கு எதிரே ஒரு நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டுப் பின்பக்கம் உட்கார்ந்தேன். மின்சாரம் ஓடும் பலகை, அதனால் ஒரு கை முதுகுக்குப் பின்னால், மறு கையில் காய்ந்த மூங்கில் குச்சி. பலகையை மெல்லத் தட்டிக்கொண்டே போனால், யோக் பிளக்கின் அருகே வந்ததும் கண்ணாடியில் கோடு ஒரு கணம் படமாக விரிந்து மீண்டும் ஒடுங்கியது. அங்கேயே பிடிபட்டது.

மின்சாரத்தை நிறுத்தி, டியூபின் ஆனோடில் தேங்கிய உயர் மின்னழுத்தத்தை டிஸ்சார்ஜ் செய்து, பலகையை வெளியே எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பிளக் பின்னைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை அளவு ஒரு கரிய வளையம். அசல் டிரை சால்டர், பற்று விட்ட இணைப்பு. கனத்த யோக் ஒயர் இழுத்துக்கொண்டே இருக்க, சூடும் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்க, அந்த இடம் விரிசல் விடாமல் என்ன செய்யும்?

இதன் மேல் இரும்பை வைத்து ஒரு தடவை உருக்கிவிட்டால் சில மாதங்களில் மறுபடி கோடு வந்து நிற்கும். பழைய ஈயத்தைச் சொட்டு விடாமல் உறிஞ்சி எடுத்தேன். கறுத்துப்போன பின்னைப் பித்தளை நிறம் தெரியும்வரை பிளேடால் சுரண்டினேன். ஃபிளக்ஸ் தடவி, புதிய 63/37 (வெள்ளீயம்–காரீயம்) ஈயம் வைத்தேன். ஈயம் பின்னோடு ஏறிப் பளபளவென்று குழிந்து நின்றால்தான் நல்ல சால்டர். உருண்டையாகத் திரண்டால் ஒட்டவில்லை என்று பொருள். பக்கத்துப் பின்களுக்கும் இதே மரியாதை.

ஐசி இருப்பில் இருக்கட்டும் என்று இணையத்தில் இரண்டு வாங்கியிருந்தேன். அசெட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்ததும் மேலே இருந்த எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது; போலி. வாங்குகிறவர்கள் ஐசியைப் பலகையில் ஏற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்.

படத்தின் உயரத்தை இன்னும் சரிசெய்யவில்லை. ஒரு மூலையில் நீலமும் விலகித் தெரிகிறது. அதற்குள் மனம் டியூப் மாற்றத்துக்குத் தாவிவிட்டது. யாராவது தூக்கிப்போடும் 19 அங்குலத் தொலைக்காட்சியிலிருந்து கரியாத டியூப் ஒன்றை எடுத்து, இதே யோக்கை அதில் மாட்ட வேண்டும். பலகை இந்த யோக்குக்குத்தான் பொருந்தும். பிறகு நிறச் சுத்தத்தையும் மூன்று நிறங்களின் ஒன்றிணைவையும் சரிசெய்யும் பியூரிட்டி, கன்வர்ஜென்ஸ் வளையங்களோடு மல்லுக்கட்டு. கழுத்தின் அளவும் சாக்கெட்டும் ஒத்துப்போகிற டியூப் கிடைக்கும்வரை, இந்த நிழலோடுதான் ஆட்டம்.