தீத்தழும்பில் ஆறாத புண்

சிறுவயதில் விறகடுப்புத் தீ பட்டு அம்மாவின் கெண்டைக்காலில் உண்டான தழும்பில், அறுபது வயதைக் கடந்தபின் ஒரு புண் தோன்றியது. சர்க்கரை நோய் இல்லாதபோதும் அது எந்தக் களிம்புக்கும் ஆறாமல், ஓரங்கள் தடித்துப் புரண்டு, தொட்டாலே இரத்தம் கசிந்தது. தோல் மருத்துவர் பார்த்தவுடன் பயாப்ஸி (திசுத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுக்க வேண்டும் என்றார். புண்ணின் நடுவில் அழுகிய திசு மட்டுமே கிடைக்கக்கூடும் என்பதால், மரத்துப்போக ஊசி போட்டு, ஓரத்தில் பல இடங்களிலிருந்து துணுக்குகள் எடுத்தார்.

முடிவு ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. தோலின் மேலடுக்கிலுள்ள செதிள் செல்களில் தொடங்கும் புற்று. வெள்ளைத் தோலினருக்கு இது பெரும்பாலும் வெயில் படும் முகத்திலும் காதிலும் வருகிறது. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் பழைய தீத்தழும்பும் நாட்பட்ட புண்ணும் முக்கியக் காரணங்கள் என்றும், காஷ்மீரில் குளிருக்காக உடலோடு அணைத்துக்கொள்ளும் காங்கடி எனும் தணல் சட்டியின் சூட்டால் தொடையிலும் வயிற்றிலும் இதே புற்று வருவதுண்டு என்றும் மருத்துவர் விளக்கினார். தழும்பில் வருவதை மார்ஜோலின் புண் என்கிறார்கள். வெயிலால் வரும் இதே வகைப் புற்றைவிட இது நெறிகளுக்கு, அதாவது நிணநீர்க் கணுக்களுக்கு, பரவும் வாய்ப்பு அதிகமாம்.

ஆகவே காலுக்குரிய நெறிகள் இருக்கும் தொடை இடுக்கைத்தான் முதலில் தடவிப் பார்த்தார்கள். அங்கே ஒரு நெறி வீங்கியிருந்தது. புண்ணில் கிருமித் தொற்று இருந்தாலும் நெறி கட்டும் என்று சொல்லி, ஊசியால் உறிஞ்சிச் சோதித்தார்கள். அதில் புற்று இல்லை என்று தெரியும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஸ்கேனில் எலும்பும் தப்பியிருந்தது.

கத்தி பட்டால் பரவிவிடும் என்று பெரியம்மா அழுதார். உண்மையில், பரவுவதற்குள் முழுவதுமாக வெட்டி எடுப்பதே இதற்கு முதன்மையான சிகிச்சை. புண்ணைச் சுற்றி 2 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து அகற்றி, தொடையிலிருந்து மெல்லிய தோலெடுத்து ஒட்டினார்கள். அம்மாவுக்குக் காலைவிடத் தோலெடுத்த தொடைதான் அதிகம் எரிந்தது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வெட்டியெடுத்த திசுவின் அறிக்கையில் பக்க விளிம்புகளிலும் அடிப்பகுதியிலும் புற்று இல்லை என்றிருந்ததால் கதிர்வீச்சு தேவைப்படவில்லை. அறிக்கை கையில் வந்தால் அந்த வரியைத்தான் முதலில் தேட வேண்டும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் திரும்பிவரும் வாய்ப்பு அதிகம் என்பதால், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒட்டுத்தோலையும் தொடை இடுக்கையும் மருத்துவர் சோதிக்கிறார்; ஒட்டின் ஓரத்தில் தடிப்போ வெடிப்போ தெரிந்தால் அதுவரை காத்திராமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்.